கிளட்ச்சை மிதித்திருக்கும்போதா, விட்ட பிறகா?

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போதெல்லாம் வண்டி ஒருமுறை முன்னால் குனியும். அடுத்த நொடி பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்தது போல எகிறும். பின்சீட்டில் இருந்த அக்கா, "டேய், மாட்டு வண்டியே தேவலைடா" என்றாள். அது போதாதென்று சிக்னலில் நிற்கும்போது ஒரு நடுக்கம். பின்னால் நிற்கும் மாநகரப் பேருந்து கண்ணாடியில் இரண்டாகத் தெரியும்.

வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1967-ல் செய்தது, இரண்டு கதவு. சித்தப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கி முப்பது வருஷம் ஓட்டினார். அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது. தாம்பரத்தில் இருந்துகொண்டு ஹெரால்டு வைத்திருப்பதில் ஒரு தனி உரிமை உண்டு என்று எனக்கு நினைப்பு. ஜிஎஸ்டி சாலையில் வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் பிறந்த கார், பிறந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் 1959-ல் ட்ரயம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்ததைத்தான் 1961 முதல் சென்னையில் செய்தார்கள். வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. பிற்பாடு வந்த நான்கு கதவு ஹெரால்டு நம் ஊருக்கே உரியது, இங்கிலாந்தில் அப்படி ஒன்று வரவே இல்லை. 948 சிசி எஞ்சின், நான்கு கியர், முதல் கியருக்கு சின்க்ரோ, அதாவது கியர் சத்தமில்லாமல் விழ உதவும் வளையம், கிடையாது.

இந்த உதறலைக் கண்டுபிடிக்க எனக்கு நாலரை மாதம் ஆனது. செலவான பணத்தை வீட்டில் பாதியாகக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்லப் போவதில்லை. கடைசியில் கோளாறு சுண்டு விரல் நீளம்கூட இல்லாத ஒரு வயரில் இருந்தது. அந்த வயரை மாட்டியவன் நான்தான். அதற்கு வருகிறேன்.

முதலில் போன ஷெட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் மாத்தும்போதுதானே சார் உதைக்குது? அப்ப கியர்பாக்ஸ்தான்" என்றார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. கியர் மாற்றும்போது வரும் கோளாறு கியர்பாக்ஸில் இல்லாமல் வேறெங்கே இருக்கும்? ஹெரால்டில் கியர்பாக்ஸை இறக்குவது ஒரு விசித்திரமான வேலை. மற்ற கார்களில் அது கீழே இறங்கும், இதில் உள்ளே ஏறும். முன்சீட்டுகளைக் கழற்றி, நடுவில் இருக்கும் மூடியை எடுத்துவிட்டு, கியர்பாக்ஸைத் தூக்கி கதவு வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல இரண்டு பேர் அணைத்துத் தூக்கினார்கள். சின்க்ரோ ரிங்குகள் தேய்ந்துதான் இருந்தன. புதுப்பேட்டையில் தேடி ஒரு பழைய கியர்பாக்ஸ் வாங்கி, அதிலிருந்து நல்லதாக இரண்டு ரிங்கை எடுத்துப் போட்டார்கள். பேரிங் மாற்றினார்கள். வண்டி வெளியே வந்தது. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. உதறல் அப்படியே இருந்தது.

இரண்டாவது ஷெட்டில் கார்பரேட்டர் என்றார்கள். சோலெக்ஸ் கார்பரேட்டரைப் பிரித்து, கழுவி, ஜெட்டுகளை ஊதி, புது கிட் போட்டார்கள். வண்டி ஸ்டார்ட் ஆவது சுலபமானது. உதறல் போகவில்லை. மூன்றாவது இடத்தில் பிளக், பிளக் வயர், காயில், கண்டென்சர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினார்கள். அன்றைக்கு மாலை வண்டி முன்பைவிட மோசமாக ஓடியது. நாலு சாமானை ஒன்றாக மாற்றியதால் எது கெடுத்தது என்று சொல்ல யாராலும் முடியவில்லை. பிறகு தெரிந்தது, புதுக் கண்டென்சர்தான். இந்தக் காலத்தில் வரும் கண்டென்சர்களில் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே செத்திருப்பவை உண்டு. இருட்டில் டெல்கோவின், அதாவது பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின், மூடியைத் திறந்துவைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்த்தால், உள்ளே திறந்து மூடும் பாயிண்ட்டில் பளிச்சென்று பெரிய நீலப் பொறி பறந்தால் கண்டென்சர் வேலை செய்யவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பழைய கண்டென்சரைத் தூக்கிப் போடாதீர்கள். என் பழையதைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் பல்லாவரத்தில் ஒரு பாயிடம் போனேன். வயது எழுபதுக்கு மேல். ஷெட் என்று சொல்ல முடியாது, வேப்ப மரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. இப்போது தெரிந்தவர்கள் கொண்டுவரும் பழைய வண்டிகளை மட்டும் பார்க்கிறார். நான் நாலு மாதக் கதையையும் சொல்லி முடிக்கும்வரை டீ குடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உதறல் கிளட்ச்சை மிதிச்சிருக்கும்போதா சார், விட்ட பிறகா?"

எனக்குத் தெரியவில்லை. நாலு மாதமாகத் தினமும் ஓட்டுகிறேன், இதைக் கவனித்ததில்லை.

"போய் ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு வாங்க. எழுதிட்டு வாங்க."

அந்த ஒரு வாரம்தான் இந்தக் கதையில் உருப்படியான பகுதி. ஒரு சின்ன நோட்டை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டேன். எஞ்சின் சூடா குளிரா, எந்த கியர், ஏற்றமா சமதளமா, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதா காலை எடுக்கும்போதா, கிளட்ச் எங்கே இருந்தது. மூன்றாம் நாளே ஒன்று புரிந்தது. நான் 'உதறல்' என்று ஒரே பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது ஒன்றல்ல, நாலு வெவ்வேறு சங்கதி.

காலையில் ரிவர்ஸ் போடும்போது 'கரக்' என்று பல்லைக் கடிக்கும் சத்தம், அது ஒன்று. முதல் கியரில் கிளட்ச்சை விட்டு நகரும்போது வண்டி தடதடவென்று ஆடுவது இரண்டாவது. சிக்னலில் வரும் நடுக்கம் மூன்றாவது. நான்காவதுதான் அந்த உதை. அதைக் கவனித்துப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. மூன்றாவது கியரில் சமதளத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, கியரையே தொடாமல், கிளட்ச்சையும் தொடாமல், ஆக்சிலேட்டரை மட்டும் லேசாக எடுத்து லேசாக மிதித்தேன். அதே உதை! கியர் மாற்றும்போது மட்டும் வருகிறது என்று நினைத்தது தப்பு. கியர் மாற்றும்போதும் காலை எடுத்து மிதிக்கிறோம், அதனால் வருகிறது. கியர்பாக்ஸ் பாவம், சும்மா மாட்டிக்கொண்டது.

நோட்டைப் பார்த்துவிட்டு பாய் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கிளட்ச்சை முழுக்க மிதித்திருக்கும்போது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இல்லை. அப்போது எஞ்சின் திக்கினால் கோளாறு எஞ்சினில்தான், பின்னால் எதையும் கழற்றத் தேவையில்லை. கிளட்ச்சை மிதித்தும் கியர் விழ அடம்பிடித்தால், சத்தம் போட்டால், கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை. கிளட்ச்சை விடும் அந்த அரை நொடியில் வண்டி ஆடினால் கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், இல்லையென்றால் எஞ்சின் மவுண்டிங் போயிருக்கலாம். முழுசாக விட்டபிறகு 'டொக்' என்று ஒரு தட்டு கேட்டால் எஞ்சின் சுழற்சியைப் பின்பக்கம் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் மூட்டான கிராஸ், பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியல், அதன் ரப்பர்கள். கிளட்ச்சையே தொடாமல் காலை எடுத்து வைக்கும்போது உதைத்தால் மறுபடி எஞ்சின், அதிலும் பெரும்பாலும் கரண்ட் பக்கம்.

"அப்ப பெட்ரோல் பக்கம் இல்லையா பாய்?"

"பெட்ரோல் கம்மியானா வண்டி மெதுவா சாகும் சார். இழுக்காது, தொங்கும். டக்குனு வெட்டிட்டு டக்குனு வந்தா அது கரண்ட்டு."

இது எல்லா நேரமும் சரியாக இருக்காது. கார்பரேட்டரில் தூசி அடைத்தாலும் சில சமயம் டக்கென்று வெட்டும். ஆனால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்பதற்கு இதைவிட நல்ல வழி நான் இதுவரை கேட்டதில்லை.

நடுக்கத்தை முதலில் பார்க்கலாம் என்றார். நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடாதவரை ஓடும்போது வரும் கோளாறைப் பிடிக்க முடியாது என்பது அவர் கணக்கு. ஹெரால்டின் பானெட் முன்பக்கமாக மொத்தமாகக் கவிழும், மட்கார்டோடு சேர்த்து. எஞ்சின் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும். பாய் முன்சக்கரத்தின் டயர் மேல் திண்ணையில் உட்காருவது போல உட்கார்ந்துகொண்டார். இந்த வசதி வேறு காரில் கிடைப்பது அரிது என்று அவர் சொன்னபோது எனக்கே ஏதோ பரிசு கிடைத்த மாதிரி இருந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு பிளக் வயராக, பிடியில் இன்சுலேஷன் உள்ள குறடால் இழுத்தார். நல்ல சிலிண்டரின் வயரை எடுத்தால் எஞ்சின் தள்ளாட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று எடுத்தபோது தள்ளாடியது. நான்காவதை எடுத்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது நாலாவது சிலிண்டர் ஏற்கெனவே அரைச் சம்பளத்துக்குத்தான் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. பிளக்குகளைக் கழற்றினால் மூன்று செங்கல் பொடி நிறத்தில், நாலாவது கரி பிடித்து ஈரமாக. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தோம். 118, 115, 117, 96. நாலாவதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை பிளக் ஓட்டை வழியாக விட்டு மறுபடி பார்த்தால் 99. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் விட்டதும் நன்றாக ஏறியிருக்கும். ஏறவில்லை, அப்போது வால்வு.

வால்வு மூடியைக் கழற்றி ஃபீலர் கேஜ் விட்டார். இந்த எஞ்சினுக்கு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பத்து தவ் இடைவெளி இருக்க வேண்டும், அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் பத்து பங்கு. எட்டாவது வால்வில், அதாவது நாலாவது சிலிண்டரின் எக்ஸாஸ்டில், இரண்டு தவ் தகடுகூட நுழையவில்லை. வால்வு முழுசாக மூடவே இல்லை, எப்போதும் ஒரு மயிரிழை திறந்தே இருந்திருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பது சுவாரசியமான சமாச்சாரம். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. ஈயம் வால்வு சீட்டில் மெல்லிய படலமாகப் படிந்து அதைத் தேயாமல் காத்தது. இந்தியாவில் 2000-ம் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. அதன்பிறகு பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் சீட் மெதுவாகத் தேய்ந்து, வால்வு உள்ளே உள்ளே போய், இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். டேப்பெட் சத்தம், அதாவது இடைவெளி அதிகமாகி வால்வுப் பக்கம் தட்டும் சத்தம், கேட்டால்தான் நாம் கவலைப்படுகிறோம். சத்தமே கேட்கவில்லை என்றால்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். என் எஞ்சின் சில வருஷமாக 'அமைதியாக' ஓடுகிறது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வால்வு செட் பண்ண ஒரு ஒன்பது கணக்கு உண்டு, நாலு சிலிண்டர் எட்டு வால்வு வண்டி வைத்திருப்பவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஒன்றாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாவதை செட் பண்ண வேண்டும், மூன்று திறந்திருந்தால் ஆறு, ஐந்து திறந்திருந்தால் நாலு. கூட்டினால் ஒன்பது வரவேண்டும், அவ்வளவுதான். செட் பண்ணியதும் நாலாவது சிலிண்டர் 112-க்கு வந்தது. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ ஹெட்டை இறக்கி, கெட்டியான சீட் வளையங்கள் போட்டாக வேண்டும். இப்போதைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடைவெளியைப் பார்க்கிறேன்.

நடுக்கம் முக்கால்வாசி போனது. மிச்சத்துக்கு பாய் ஆயில் கேனை எடுத்து, கார்பரேட்டர் உட்காரும் இடத்தைச் சுற்றி நாலைந்து சொட்டு விட்டார். ஒரு மூலையில் ஆயில் விழுந்ததும் உள்ளே உறிஞ்சிக்கொண்டது, எஞ்சின் சத்தம் மாறியது. காத்து வாங்குகிறது, அதாவது இடுக்கு வழியாக வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. இதற்கு பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் ஆட்கள் உண்டு. இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் குழாய் கார்பரேட்டருக்கு நேர் கீழே இருக்கிறது, பெட்ரோல் தெளித்தால் கோளாறோடு சேர்த்து வண்டியும் போய்விடும். ஆயில் போதும். கழற்றிப் பார்த்ததில் கார்பரேட்டரின் அடித்தட்டு வளைந்திருந்தது. காத்து வாங்குகிறது என்று ஒவ்வொருவரும் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கியதில், இரண்டு நட்டுக்கும் நடுவில் அது வில்லாகிவிட்டது. கண்ணாடித் துண்டின்மேல் எமரி தாளை விரித்து, அதில் எட்டுப் போடுவது போல அரைமணி நேரம் தேய்த்துச் சமமாக்கினோம். புது கேஸ்கெட், அளவான முறுக்கு. கண்ணாடியில் மாநகரப் பேருந்து ஒன்றாகிவிட்டது.

இடையில் பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றினோம். பம்ப்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸை விரலால் தேய்த்தால் மை ஒட்டியது. பெட்ரோலில் இப்போது இருபது சதவீதம் வரை எத்தனால், பழைய ரப்பருக்கு அது ஆகாது. எத்தனால் தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் டேங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்து ஒரு கண்ணாடி பாட்டிலில் வைத்துப் பாருங்கள், கீழே தனியாக ஒரு அடுக்கு நின்றால் பதில் கிடைத்துவிட்டது. என் வண்டியில் அப்படி இல்லை.

இனி அந்த உதை.

மறுநாள் காலை பாய் செய்தது இது. கார்பரேட்டரிலிருந்து டெல்கோவுக்கு ஒரு மெல்லிய குழாய் போகும், வேக்கூம் குழாய். அதை டெல்கோ பக்கம் கழற்றி, குழாய் வாயில் ஒரு ஸ்க்ரூவைச் செருகி அடைத்தார். அடைக்காவிட்டால் அதன் வழியாகவும் காத்து வாங்கும், சோதனையே கெட்டுவிடும். "ரெண்டு கிலோமீட்டர் போய்ட்டு வாங்க" என்றார். போனேன். உதை இல்லை! இழுவை கொஞ்சம் சோம்பலாக இருந்தது, ஆனால் காலை எடுத்தாலும் வைத்தாலும் கியர் மாற்றினாலும் வண்டி எண்ணெய் மாதிரி போனது. பல்லாவரம் மேம்பாலத்தின் மேல் நான் வாய்விட்டுச் சிரித்ததை ஒரு ஆட்டோக்காரர் பார்த்தார்.

வேக்கூம் அட்வான்ஸ் என்ன செய்கிறது என்று சொன்னால்தான் இது புரியும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்து நிதானமாகப் போகும்போது கார்பரேட்டரில் உறிஞ்சல் அதிகமாக இருக்கும். அது குழாய் வழியாக டெல்கோவில் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை இழுத்துத் திருப்பி, பொறி கொஞ்சம் முன்கூட்டியே விழும்படி செய்யும். பெட்ரோல் மிச்சம். காலை எடுத்தால் உறிஞ்சல் நிற்கும், தட்டு பழைய இடத்துக்குத் திரும்பும். திரும்ப மிதித்தால் மறுபடி நகரும். ஆக, ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் அந்தத் தட்டு ஒருமுறை போய் ஒருமுறை வரும். தட்டு நகரும்போது எதுவோ வெட்டுகிறது.

டெல்கோ மூடியை எடுத்தார். காயிலிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு, பாயிண்ட்டுக்கு நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினார். என் மல்ட்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒரு முனையை டெல்கோவின் வெளி டெர்மினலிலும் இன்னொன்றை பாயிண்ட்டின் ஸ்ப்ரிங்கிலும் பிடிக்கச் சொன்னார். பீப் கேட்டது, தொடர்பு சரி. பிறகு ஒரு சின்ன ரப்பர் குழாயை வேக்கூம் டப்பாவில் மாட்டி, இளநீர் குடிப்பது போல உறிஞ்சினார். தட்டு மெல்ல நகர்ந்தது. பீப்... பீப்... பாதி வழியில் சத்தம் நின்றது. இன்னும் கொஞ்சம் உறிஞ்சினார், திரும்ப வந்தது. விட்டார், போகும் வழியில் அதே இடத்தில் மறுபடி நின்றது.

டெர்மினலிலிருந்து பாயிண்ட்டுக்கு உள்ளே ஒரு குட்டி வயர் உண்டு. தட்டோடு சேர்ந்து ஒவ்வொரு தடவையும் வளைந்து நிமிர வேண்டிய வயர். தொழிற்சாலையில் அதற்கென்றே மிக மெல்லிய இழைகள் நிறைய சேர்த்த, துணி மாதிரி துவளும் வயரைப் போட்டிருப்பார்கள். பாய் இடுக்கியால் அதை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மேலே வெள்ளை பிளாஸ்டிக் உறை, ஒரு கீறல் இல்லை. நடுவில் விரலால் அழுத்தினால் மட்டும் ஒரு இடத்தில் 'லொட' என்று மடிந்தது. உறையைச் சீவினால் உள்ளே ஒற்றைக் கம்பி, இரண்டாக முறிந்து, முனைகள் ஒன்றையொன்று முத்தமிட்டுக்கொண்டு நின்றன.

"இது காலிங் பெல் வயராச்சே. எந்த முட்டாப் பய சார் இதைப் போட்டான்?"

2021 ஊரடங்கில் வீட்டில் சும்மா இருந்தபோது பாயிண்ட் மாற்றுகிறேன் என்று உட்கார்ந்தேன். பழைய வயர் இற்றுப் போயிருந்தது. கடையெல்லாம் பூட்டியிருந்த நேரம். வீட்டில் காலிங் பெல்லுக்கு வாங்கி மீந்தது ஒரு சுருள் இருந்தது. அளவாக வெட்டி, பளபளவென்று சால்டர் வைத்து மாட்டினேன். போட்டோகூட எடுத்து வைத்திருந்தேன். ஒற்றைக் கம்பியை எத்தனை தடவை வளைத்தால் முறியும் என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். "யாரோ போட்டிருக்காங்க பாய்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மூன்று ஷெட்டிலும் ஏன் சிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். எஞ்சின் சும்மா ஓடும்போது தட்டு நகராது, முறிந்த முனைகள் தொட்டுக்கொண்டே இருக்கும். டைமிங் பார்த்தால் சரியாக இருக்கும். நின்ற இடத்தில் ரேஸ் பண்ணினால் தட்டு நகரும்தான், ஆனால் எஞ்சினுக்குச் சுமை இல்லாததால் ஒன்றிரண்டு பொறி விழாமல் போனால் காதில் விழாது. ரோட்டில், கியரில் இருக்கும்போது மட்டும்தான் தெரியும். அதுவும் கியர்பாக்ஸ் கோளாறு போலவே தெரியும். பொறி ஒரு கணம் நின்றால் சக்கரம் எஞ்சினைத் தள்ளும், வந்ததும் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளும். நடுவில் இருக்கும் ஒவ்வொரு லூஸும், கிராஸ், டிஃபரென்ஷியல் பல், மவுண்டிங் ரப்பர் எல்லாம், இந்தப் பக்கம் ஒரு இடி அந்தப் பக்கம் ஒரு இடி வாங்கும். கோளாறு டெல்கோவில், உதை முதுகில்.

அதே மூச்சில் டெல்கோ ஷாஃப்ட்டையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்து ஆடினால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பதினைந்து தவ் என்று நீங்கள் வைத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். தட்டுக்கும் டெல்கோ உடம்புக்கும் நடுவில் ஒரு எர்த் வயர் இருக்கும், அதுவும் இதே மாதிரி வளைந்து நிமிரும் வயர்தான். இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. பாய் தன் டப்பாவிலிருந்து ஒரு பழைய டெல்கோவைத் தேடி எடுத்து, அதிலிருந்து அசல் வயர் இரண்டையும் கழற்றிப் போட்டார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. அவசரத்துக்கு மல்ட்டிமீட்டர் முனைகளில் வரும் சிலிகான் வயர் சரியாக இருக்கும், அந்த அளவுக்குத் துவளும் வேறு வயர் சாதாரணக் கடைகளில் கிடைப்பது கஷ்டம்.

முதல் கியரில் நகரும்போது வந்த தடதடப்புக்கு அரைமணி நேரம்தான் ஆனது. பானெட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்ச்சை ஒரு நூல் அளவு விட்டுப் பார்த்தோம். எதிரில் யாரும் நிற்கக் கூடாது, பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். ஒரு பக்கம் எஞ்சின் இரண்டு விரல்கடை மேலே எழும்பி உட்கார்ந்தது. அந்தப் பக்கத்து மவுண்டிங் ரப்பர் இரும்பிலிருந்து பிய்ந்து சும்மா மேலே உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் மாற்றினோம். கீழே படுத்து ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் சக்கரத்துக்குப் போகும் இரண்டு ஷாஃப்ட்டையும் கையால் முறுக்கிப் பார்த்தார். இந்த வண்டியில் மொத்தம் நாலு கிராஸ். கிராஸ் கப் ஓரத்தில் மஞ்சள் பொடி மாதிரி செந்துரு கொட்டியிருந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்து ஊசி பேரிங் அரைபடுகிறது என்று அர்த்தம். இடது பின்பக்கம் ஒன்றில் இருந்தது, அது மாற வேண்டும்.

கியர் ஆயில் பற்றி ஒரு வார்த்தை. முதல் ஷெட்டில் சத்தம் குறையட்டும் என்று மிகக் கெட்டியான 140 எண் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். காலையில் குளிரில் அது வெல்லப்பாகு. இந்த வகைப் பெட்டிகளுக்கு ஜிஎல் 4 தரத்தில் 80 அல்லது 90 போதும். டிஃபரென்ஷியலுக்குப் போடும் ஜிஎல் 5 ஆயிலில் உள்ள மருந்து பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கும் என்று பாய் அதை உள்ளே விடுவதில்லை. முதல் கியரில் வரும் 'ஊஊ' என்ற ஓசையை எந்த ஆயிலாலும் நிறுத்த முடியாது. நேர்ப் பல் கியர் அப்படித்தான் பாடும், சித்தப்பா காலத்திலும் பாடியது.

மிச்சம் இருப்பது ரிவர்ஸின் 'கரக்'. கிளட்ச்சை மிதித்து ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டால் சத்தம் வரக் கூடாது. எனக்கு பத்து எண்ணினாலும் வருகிறது, ஆனால் பெடலை இரண்டு மூன்று தடவை அடித்துவிட்டுப் போட்டால் வருவதில்லை. அப்படியென்றால் ஹைட்ராலிக்கில் காற்று ஏறுகிறது, கீழே கிளட்ச் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது. ரப்பர் பூட்டை விலக்கிப் பார்த்தேன், உள்ளே ஈரம். கிட் சொல்லி வைத்திருக்கிறேன், வரும் வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்கிறார்கள். கிடைத்ததும் நானே மாற்றிக்கொள்கிறேன் என்று பாயிடம் சொன்னேன்.

"வேணாம் சார்" என்றார். "இங்கயே கொண்டாந்துடுங்க."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மூன்று மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார்.